ஆசிட்டில் ஒரு வெறும் தகடு: இலைச்சாறு இரும்பைக் காக்குமா என்று சோதிக்கத் தொடங்குபவர்களுக்கு

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் கழுவுவதை ஒருமுறை நின்று பார்த்தேன். போர் தண்ணீரில் ஓடும் பாய்லர், குழாய்களுக்குள் உப்பு கட்டிக் கல்லாகியிருந்தது. அதைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுற்ற விடுவார்கள். கழுவ வந்தவர் ஆசிட் கேனைத் தொடுவதற்கு முன்னால், வேறொரு சின்ன கேனிலிருந்து பழுப்பு நிறத் திரவம் கொஞ்சத்தை அளந்து தொட்டியில் ஊற்றினார். கருவாட்டு வாடை மாதிரி ஒரு நெடி. "இது எதுக்கு அண்ணே?" என்றேன். "இதை ஊத்தலேன்னா ஆசிட் உப்பையும் தின்னும், குழாயையும் சேத்துத் தின்னும் சார்" என்றார்.

அந்தச் சின்ன கேனில் இருந்ததற்குப் பெயர் அரிமானத் தடுப்பான். ஆசிட்டுக்குள் இரும்பைக் காக்கும் தடுப்பான்களில் பெரும்பாலானவை கரிமச் சேர்மங்கள்தாம். டெல்டா கல்லூரிகளில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்டுக்காக ஆண்டுதோறும் ஏதாவது ஓர் இலையைப் பறித்து வந்து, "சார், இது இரும்பைத் துருப்பிடிக்காம காக்குமான்னு பாக்கணும்" என்று நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் இது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். நாலு தசமம் காட்டும் தராசு, பீக்கர்கள், பொறுமை இருந்தால் போதும்.

தகட்டின் மேல் என்ன நடக்கிறது

இரும்பு ஆசிட்டில் கரையும்போது ஒரே சமயத்தில் இரண்டு வேலை நடக்கிறது. இரும்பு அணு இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகக் கரைசலுக்குள் இறங்குகிறது. ஆசிட்டில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு வாயுக் குமிழாகக் கிளம்புகின்றன. கொடுப்பவரும் வாங்குபவரும் கணக்கு நேராக்கியாக வேண்டும் என்பதால், ஒன்றை மட்டுப்படுத்தினால் மற்றதும் மட்டுப்படும்.

தடுப்பான் மூலக்கூறில் நைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன் போன்ற அணுக்கள் இருக்கும். அவற்றிடம் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணைகள் உண்டு. பென்சீன் மாதிரி வளையமோ இரட்டைப் பிணைப்போ இருந்தால் இன்னும் நல்லது. இவை தகட்டின் மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தாம் உட்கார்கின்றன. பள்ளிப் புத்தகத்தில் 'பரப்பு கவர்தல்' என்று படித்தோமே, அதுதான். ஆசிட்டின் வீரியம் குறையவில்லை, அது உப்புக் கல்லைக் கரைத்துக்கொண்டே இருக்கும். இரும்பின் மேல் மட்டும் இடம் கிடைக்காது.

இது புதிய யோசனை இல்லை. இரும்புத் தகட்டை ஆசிட்டில் கழுவும்போது கழிவுப்பாகையும் தாவர எண்ணெயையும் சேர்க்கலாம் என்று 1895-லேயே பிரிட்டனில் பால்ட்வின் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். கழிவுப்பாகு என்றால் நம் சர்க்கரை ஆலைகளில் கருப்பாக வழிகிற அதே மொலாசஸ்தான்.

எந்த இலை

வேம்பும் துளசியும் வேண்டாம் என்று சொல்வேன். கெட்டவை என்பதற்காக இல்லை, எல்லாரும் செய்துவிட்டார்கள். என் கை போவது ஆடாதொடை மேல். ஆடு தொடாத இலை, அதனால் அந்தப் பெயர் என்பார்கள். வேலிக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதற்கும் பஞ்சமில்லை. இதில் வாசிசின் என்ற ஆல்கலாய்டு, அதாவது செடிகளில் கிடைக்கும் நைட்ரஜன் சேர்மம், இருக்கிறது. நைட்ரஜன் உள்ள வளையம், பக்கத்திலேயே ஒரு பென்சீன் வளையம், ஓர் ஆக்சிஜன். மேலே சொன்ன லட்சணம் எல்லாம் ஒரே மூலக்கூறில் அமைந்திருக்கிறது. கறிவேப்பிலையும் மோசமில்லை, அதில் கார்பசோல் வகை ஆல்கலாய்டுகள் உண்டு.

இலையோடு கூடவே, தெரிந்த தடுப்பான் ஒன்றையும் சோதியுங்கள். ஹெக்சமின் வாங்குவது சுலபம். உங்கள் இலை எவ்வளவு தேறும் என்று ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. பழைய புத்தகங்களில் தயோயூரியா அடிக்கடி வரும். அதை ஆரம்பத்தில் தொட வேண்டாம். உடம்புக்கு ஆகாது என்பதோடு, அளவு மிஞ்சினால் இரும்புக்குள் ஹைட்ரஜனை ஏற்றி வேறு தொல்லை கொடுக்கும்.

தகடு வெட்டுவது

லேத் பட்டறைக்குப் போய் 'எம்.எஸ். ஷீட், ஒரு மில்லி' என்று கேளுங்கள். எம்.எஸ். என்றால் மைல்டு ஸ்டீல், பூச்சில்லாத சாதாரண இரும்பு. 'ஷீட்' என்று மட்டும் சொன்னால் பளபளவென்று ஜி.ஐ. ஷீட்டை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். ஆசிட்டில் போட்டதும் பொங்கி வழியும், நீங்கள் இரும்பு கரைகிறது என்று நினைத்து எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 0.1 செ.மீ. கனம். எல்லாப் பக்கமும் சேர்த்தால் பரப்பு 13 சதுர செ.மீ. வருகிறது. மேல் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை, மூலையில் எண் பஞ்ச். பதினைந்து தகடு வேண்டும், ஏன் பதினைந்து என்று பிறகு சொல்கிறேன். நான்கைந்து உபரியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஒன்று கண்டிப்பாகக் கீழே விழும்.

உப்புத்தாளில் 220, 400, 600, 1000 என்று கரடில் தொடங்கி நைசுக்கு வர வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கோடுகள் போய்விட்டனவா என்று கண்ணுக்கே தெரியும். அப்புறம் வாலை வடிநீர், அசிட்டோன், ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்று. இதற்குமேல் தகட்டை விரலால் தொடக்கூடாது, சாமணம் மட்டும்தான். நம்பாவிட்டால் ஒரு தகட்டில் கட்டைவிரலை அழுத்தி மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் காலையில் உங்கள் ரேகை துருவில் அச்சாகியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் சேதி. அடைமழைக் காற்றில் தேய்த்த தகடு வெளியே இருந்தால் சாப்பிட்டு வருவதற்குள் மங்கிவிடும். தேய்த்த கையோடு உலர்கலனுக்குள் வையுங்கள், சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் அது பல மாதம் ரோஸ் நிறத்திலேயே கிடந்தது, யாரும் கவலைப்படவில்லை. நிறம் மாறியதை அடுப்பில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும்.

எடை பார்த்து, நாலு தசமத்தோடு நோட்டில் எழுதுங்கள். இந்த அளவுத் தகடு 4.7 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஆசிட்டும் சாறும்

37 சதவீத அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 83 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் ஏறக்குறைய ஒரு மோலார் கிடைக்கும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. கண்ணாடி, கையுறை, புகைபோக்கி அறை மூன்றும் வேண்டும். மொத்தம் நாலு லிட்டர் தேவைப்படும். நாலையும் ஒரே பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்து வையுங்கள். ஒவ்வொரு லிட்டராகக் கலந்தால் ஒவ்வொன்றும் ஒரு பலத்தில் வரும்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்குங்கள். 10 கிராம் பொடிக்கு 200 மி.லி. வாலை வடிநீர், சின்னத் தீயில் ஒரு மணி நேரம். ஆறியதும் முதலில் வேட்டித் துணியில், பிறகு வடிதாளில் வடியுங்கள். அந்தச் சாற்றை எடை பார்த்த கிண்ணத்தில் ஊற்றி நீராவிக் குளியலின் மேல் வற்ற விட்டால், அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டும். அதுதான் சாரம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் வேலையை முடிக்கப் பாருங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை கட்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சாற்றை வற்ற வைக்கச் சோம்பல்பட்டு, தண்ணீராகவே ஆசிட்டில் ஊற்றிவிடுவார்கள். 200 மி.லி. ஆசிட்டில் 50 மி.லி. சாறு ஊற்றினால் ஆசிட்டின் பலமே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். தகடு குறைவாகக் கரையும், இலை வேலை செய்தது என்று எழுதிவிடுவோம். வேலை செய்தது தண்ணீர்.

அதனால் வற்றிய சாரத்தில் 1.2 கிராம் எடுத்து, நீங்கள் கலந்து வைத்த அதே ஆசிட்டில் கரைத்து 1.2 லிட்டராக்குங்கள். லிட்டருக்கு 1000 மி.கி. மூலக்கரைசல் தயார். கரையாத தூசி மிதந்தால் வடித்துவிட்டு, அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நீர்க்க வைப்பதும் அதே ஆசிட்டால்தான்.

ஒரு சதுர செ.மீ. பரப்புக்குக் குறைந்தது 20 மி.லி. கரைசல் இருக்க வேண்டும் என்பது, சோதனை முறைகளை வகுக்கும் அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் ஜி31 சொல்லும் வழக்கம். நம் 13 சதுர செ.மீ. தகட்டுக்கு 260 மி.லி. ஆகவே 400 அல்லது 500 மி.லி. பீக்கர் எடுங்கள். லிட்டருக்கு 800 மி.கி. அளவுக்கு மூலக்கரைசல் 208 மி.லி., ஆசிட் 52 மி.லி. 400-க்கு 104-ம் 156-ம், 200-க்கு 52-ம் 208-ம், 100-க்கு 26-ம் 234-ம். நாலு அளவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று தகடு. அதோடு வெறும் ஆசிட்டில் மூன்று. அதனால்தான் பதினைந்து. இது இலைக்கு மட்டும் உள்ள கணக்கு, ஹெக்சமினுக்குத் தனி.

அந்த மூன்று வெறும் தகடுகள்

என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் மாணவனாக இருந்தபோது வெறும் ஆசிட் சோதனையை மே மாதம் ஒரு மதியம் செய்து முடித்து, எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அப்புறம் விடுமுறை, தேர்வு, அடைமழை. சாறு போட்ட தகடுகளை மார்கழியில்தான் முக்கினேன். பழைய மே மாத எண்ணோடு ஒப்பிட்டால் தடுப்புத்திறன், அதாவது கரைவு எத்தனை சதவீதம் குறைந்தது என்ற எண், பிரமாதமாக வந்தது. மிகக் குறைந்த அளவிலேயே ஐம்பது சதவீதத்தைத் தாண்டியது. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் நோட்டில் தேதிகளைப் பார்த்தார். "தம்பி, இரும்பைக் காப்பாத்தினது இலையா, மார்கழியா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஆசிட்டில் இரும்பு கரையும் வேகம், பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மே மாத மதியம் எங்கள் ஆய்வகம் 36 டிகிரி, மார்கழிக் காலை 26. இலையே போடாவிட்டாலும் பாதிக் கரைவு மிச்சமாகியிருக்கும்.

அன்றிலிருந்து யார் நோட்டைக் காட்டினாலும் நான் முதலில் புரட்டுவது வெறும் தகட்டின் பக்கத்தைத்தான். அது சாறு போட்ட தகடுகளோடு அதே நாளில், அதே ஆசிட்டில், அதே மேசையில் நின்றிருக்க வேண்டும். நீர்த்தொட்டி இருந்தால் பதினைந்து பீக்கரையும் 30 டிகிரியில் வைத்துவிடுங்கள். தொட்டி சிறிதாக இருந்தால் ஒரு நாளைக்கு ஐந்து பீக்கர் என்று மூன்று நாளாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் ஒரு வெறும் தகடு கட்டாயம் வருகிற மாதிரி அமையுங்கள்.

முக்குவதும் எடுப்பதும்

தகட்டைத் தொங்கவிடக் கண்ணாடிக் கொக்கி இருந்தால் நல்லது. இல்லையென்றால் தூண்டில் நரம்பு போதும், இந்த ஆசிட்டில் ஆறு மணி நேரம் தாங்கும். தகடு பீக்கரின் சுவரையோ அடியையோ தொடக்கூடாது. இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக இறக்குங்கள். எடுக்கும்போதும் அதே வரிசை, அதே இடைவெளி.

இறக்கியதும் டீ குடிக்கப் போய்விடாதீர்கள். முதல் பத்து நிமிடம்தான் இந்த வேலையிலேயே பார்க்க அழகானது. வெறும் ஆசிட்டில் ஒரு நிமிடத்துக்குள் தகடு முழுக்கப் பொடிக்குமிழ் பூத்து, கோலி சோடா உடைத்த மாதிரி மேலே ஓடும். சாறு அதிகம் உள்ள பீக்கரிலும் முதலில் கொஞ்சம் குமிழ் வரும். சாரம் நல்ல சாரமாக இருந்தால் சிறிது நேரத்தில் முகப்புப் பரப்பு அடங்கிவிடும். வெட்டிய விளிம்பிலும் துளையைச் சுற்றியும் மட்டும் ஒன்றிரண்டு குமிழ் ஒட்டிக்கொண்டு நிற்கும், வெட்டும்போது நசுங்கிய இரும்பு சீக்கிரம் கரையும் என்பதால். இந்தக் குமிழ்களை எழுத்தில் குறித்து வையுங்கள். பின்னால் எடை ஏதாவது முரண்டு பிடித்தால் இந்தக் குறிப்புதான் உதவும்.

ஆறு மணி நேரம் கழித்து எடுத்தால் வெறும் தகடு சாம்பல் பூத்து, கருப்புப் பொடி ஒட்டி, தொட்டால் சொரசொரக்கும். நன்றாகக் காக்கப்பட்ட தகட்டில் உப்புத்தாள் கோடுகள் அப்படியே தெரியும்.

ஓடும் தண்ணீரில் கழுவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, அசிட்டோனில் நனைத்து, உலர்த்தி எடை பாருங்கள். பொடி பிடிவாதமாக ஒட்டியிருந்தால் ஏ.எஸ்.டி.எம். ஜி1 ஒரு கழுவு கரைசல் தருகிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 500 மி.லி., ஹெக்சமின் 3.5 கிராம், தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். அறை வெப்பத்தில் பத்து நிமிடம். ஆசிட்டில் அரித்த தகட்டைக் கழுவ இன்னும் கடுமையான ஆசிட், அதற்குள் இரும்பைக் காக்க ஒரு கரிமத் தடுப்பான்! இந்தக் கரைசலைப் பயன்படுத்தினால், முக்காத புதிய தகடு ஒன்றையும் அதில் பத்து நிமிடம் போட்டு, கழுவல் மட்டும் எவ்வளவு தின்கிறது என்று பார்த்துக் கழித்துவிடுங்கள்.

கணக்கு

ஓர் உதாரணம். வெறும் தகடு 78 மி.கி. இழந்தது, 800 மி.கி. சாறு போட்டது 11 மி.கி. இழந்தது என்று வைத்துக்கொள்வோம். 78-இல் 11 போனால் 67. அதை 78-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் தடுப்புத்திறன் 85.9 சதவீதம்.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அரிமான வேகத்தையும் போடுங்கள். இழப்பை மில்லிகிராமில் எடுத்து 87.6-ஆல் பெருக்கி, அடர்த்தி, பரப்பு, நேரம் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் ஆண்டுக்கு எத்தனை மி.மீ. என்று வரும். அடர்த்தி 7.86, பரப்பு 13, நேரம் 6. வெறும் தகட்டுக்கு 11.1 மி.மீ., சாறு போட்டதற்கு 1.57 மி.மீ. சதவீதத்தைப் பார்த்தால் முதல் வகுப்பு. மில்லிமீட்டரைப் பார்த்தால் நம் ஒரு மில்லித் தகடு, இரண்டு பக்கமும் அரிபடுவதால், நாலு மாதத்தில் காணாமல் போகும். சில மணி நேரம் பாய்லர் கழுவ இது போதும். ஆசிட்டை ஆண்டுக்கணக்கில் தேக்கி வைக்கும் தொட்டிக்குப் போதாது.

மூன்று தகட்டில் ஒன்று விலகினால் அதை மட்டும் ரகசியமாகத் தூக்கி எறியாதீர்கள். மூன்றையும் எழுதி, ஏன் விலகியது என்று தேடுங்கள். பெரும்பாலும் தகடு சுவரில் சாய்ந்திருக்கும்.

அடுத்து என்ன

செறிவை எக்ஸ் அச்சிலும், செறிவை மூடப்பட்ட பரப்பின் பங்கால் வகுத்ததை ஒய் அச்சிலும் போட்டால் பல சாறுகளுக்கு நேர்கோடு வரும். அதுதான் லாங்மியர் வரைபடம். மூடப்பட்ட பங்கு என்பது தடுப்புத்திறனை நூறால் வகுத்தது. இதிலிருந்து, மூலக்கூறு தகட்டை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று காட்டும் கட்டிலா ஆற்றலைக் கணக்கிட்டு, மோலுக்கு மைனஸ் 20 கிலோஜூல் பக்கம் வந்தால் வெறும் மின்கவர்ச்சி, மைனஸ் 40-ஐத் தாண்டினால் வேதிப்பிணைப்பு என்று எழுதும் வழக்கம் உண்டு. ஹெக்சமினுக்குச் செய்யுங்கள், சரி. இலைச்சாற்றுக்கு நான் செய்ய மாட்டேன். அதில் பத்துப் பதினைந்து சேர்மங்களாவது இருக்கும், மூலக்கூறு எடை எது என்று எடுப்பது? அதற்குப் பதிலாக 30, 40, 50, 60 டிகிரியில் திரும்பச் செய்து பாருங்கள். சூடு ஏற ஏறத் திறன் சரிந்தால் பிடி லேசானது.

மின்வேதிக் கருவி வேண்டும் என்கிற கட்டம் வந்தால் காரைக்குடி தூரமில்லை. 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. வழிகாட்டிப் பேராசிரியர் மூலம் முறையாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள்.

ஆசிட்டில் ஜெயித்த சாற்றை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போய்விடாதீர்கள். கடல்நீரில் எலக்ட்ரானை வாங்குவது பெரும்பாலும் கரைந்த ஆக்சிஜன், அங்கே ஆட்டமே வேறு. விசைப்படகின் இரும்புக்கு உங்கள் பீக்கர் எண் எதையும் சொல்லாது. வேதாரண்யம் பக்கத்து உவர்நீர் போர் குழாய்க்கும் அப்படித்தான். இலைதானே என்று குடிநீர்க் குழாயில் ஊற்றிப் பார்க்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கணக்கில் போதும் என்று வந்தாலும் அரிசி ஆலை பாய்லரில் நீங்களே ஊற்றிப் பார்க்கவும் வேண்டாம், அது வெடிக்கக்கூடிய பாத்திரம்.

கடைசி வேலை கழிவு. நாலு லிட்டர் ஆசிட், அதில் கரைந்த இரும்பு. ஆய்வகத் தொட்டியில் ஊற்றினால் அது எந்த வாய்க்காலுக்குப் போய்ச் சேரும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, சலவை சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நுரை வாளியைத் தாண்டும். நுரை அடங்கியதும் லிட்மஸ் தாளில் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி போட்டு, வாளியை மூடாமல் இரவு முழுக்க வையுங்கள். மாலையில் அழுக்குப் பச்சையாக இறங்கியிருந்த படிவு, காலையில் மேலிருந்து செம்பழுப்பாகத் திரும்பியிருக்கும். அதை வடித்துக் காயவைத்துக் கல்லூரிக் கழிவுப் பெட்டியில் சேருங்கள்.